பழைய மின்சார மோட்டார் வாங்கலாமா?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையைச் செதுக்கிச் செய்தவை. அன்று முதல் இன்று வரையில் அவை ஓர் அங்குலங்கூட நகர்ந்ததில்லை. கடற்காற்று அவற்றைச் சிறிது தேய்த்திருக்கலாம். ஆனால் மதிப்போ வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. வாகனம் என்று ஒன்று வாங்கினால் இப்படியல்லவா வாங்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. துரதிர்ஷ்டவசமாக, நம் நண்பருக்கு வேண்டியிருந்தது ஓடக்கூடிய வாகனம்.

நண்பர் செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்குச் சற்று அருகில் குடியிருப்பவர். உத்தியோகம் மாமல்லபுரத்தில். அவருடைய மனைவிக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒரே ஸ்கூட்டரில் புறப்படுவார்கள். அம்மாளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு நண்பர் கடற்கரையை நோக்கிப் போவார். போவதற்கு முப்பது கிலோமீட்டர், வருவதற்கு முப்பது. சென்ற மாசியில் நண்பருடைய முதுகெலும்பு, இனிமேல் இந்த ஒப்பந்தத்துக்கு நான் கட்டுப்பட முடியாது என்று சொல்லிவிட்டது. வைத்தியரும் அதே அபிப்பிராயம் கொண்டார். ஆகவே, நான்கு சக்கர வண்டி அவசியமாயிற்று.

கையில் இருந்த பணம் ஒன்பது லட்ச ரூபாய். அது சும்மா கிடந்த பணம் அன்று. இன்னும் இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போகவிருக்கும் பெண்ணுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. இந்த நிலைமையில்தான் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். "புது மின்சாரக் கார் வாங்கினால்தான் ஸார் நஷ்டம். மூன்று வருஷப் பழசு வாங்குங்கள். விலை பாதி, ஓடுகிற செலவு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்றார். நண்பர் அன்று மாலையே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நாம் மோட்டார் நிபுணர் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பேப்பரும் பென்ஸிலும் எடுத்துக் கூட்டிக் கழிப்பதில் நமக்கு உள்ள பிரியமும் அவருக்குத் தெரியும்.

மின்சார வண்டியின் விலை ஏன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது? பாட்டரி கெட்டுப் போகும் என்ற பயந்தான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பயம் பாதி காரணமே. மற்றப் பாதி புது வண்டியிடம் இருக்கிறது. புது வண்டி மலிவானால் பழைய வண்டி அதைவிட மலிவாகத்தானே வேண்டும்? பாட்டரியின் உலகச் சராசரி விலை, ஒரு கிலோவாட் மணிக்கு 2023-இல் 139 டாலராக இருந்தது. 2024-இல் 115 டாலராகக் குறைந்தது. 2010-இல் அது ஆயிரம் டாலருக்கும் மேல். நம் நாட்டில் டாடா கம்பெனியார் 2024 பிப்ரவரியில் நெக்ஸான் ஈ.வி. வண்டியின் விலையை 1,20,000 ரூபாய் வரையிலும், டியாகோ ஈ.வி.யின் விலையை 70,000 ரூபாய் வரையிலும் குறைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகையை முன்னிட்டு நெக்ஸானுக்கு மூன்று லட்சம் வரையில் இன்னொரு குறைப்பு. ஜனவரியில் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, புது வண்டி எடுத்தவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் மதிப்பில் லட்சக்கணக்கில் போய்விட்டது!

நம்மைப் போன்ற சாமானியர்கள்தான் இப்படி ஏமாறுகிறோம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்ற பெரிய வாடகைக் கார் கம்பெனி ஆயிரக்கணக்கில் மின்சார வண்டிகளை வாங்கிக் குவித்தது. 2023-இல் டெஸ்லா கம்பெனி புது வண்டிகளின் விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்தது. 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் சுமார் 20,000 மின்சார வண்டிகளை விற்றுவிடப் போவதாக அறிவித்து, தேய்மானத்துக்காக மட்டும் 24½ கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிற்று. கணக்கப்பிள்ளைகள் நிறைந்த கம்பெனிக்கே இந்தக் கதி.

இதில் நண்பருக்கு ஒரு நற்செய்தியும் இருக்கிறது. முதல் மூன்று வருஷத்து வீழ்ச்சியை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பாயசத்தை அவர் குடித்தாரோ இல்லையோ, பாத்திரத்தின் விலையைக் கொடுத்துவிட்டார். எட்டரை லட்சத்துக்கு வாங்குகிறவருக்கு இனி விழுவதற்கு மிச்சம் எட்டரை லட்சந்தான்; அதற்கு மேல் விழ முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் தேய்மானப் பட்டியல் ஒன்று உண்டு. முதல் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 என்று அது படி இறங்குகிறது. பெட்ரோல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் ஒரே பட்டியல். கடைத்தெரு அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. நல்ல பெயரெடுத்த பெட்ரோல் வண்டி பட்டியலுக்கு மேலே விலை போகும். மின்சார வண்டி பட்டியலை ஒட்டியோ கீழேயோ போகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நேயர்களில் கணக்கு என்றால் முகம் சுளிப்பவர்கள் அடுத்த மூன்று பாராக்களைத் தாண்டிவிடலாம். ஆனால் வீட்டு அம்மாள்மார் தாண்ட மாட்டார்கள் என்பது நம் அநுபவம்.

நண்பர் மாதம் இருபத்தைந்து நாள் அறுபது கிலோமீட்டர் ஓட்டுவார், வருஷத்துக்கு 18,000. பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷச் செலவு 1,20,000 ரூபாய். மின்சார வண்டி, சுவரிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போகும் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,000 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லுக்கு 500 யூனிட். இங்கேதான் தரகர் சொன்ன "ஒரு ரூபாய்" கவிழ்கிறது. நம் தமிழ்நாட்டில் மின்சாரக் கட்டணம் ஏணிப்படியைப் போல ஏறுவது. ஏற்கெனவே நண்பர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகிறது. மோட்டாருக்கு ஊற்றும் மின்சாரம் கீழ்ப்படியில் வந்து உட்காராது. 401-ஆவது யூனிட்டிலிருந்துதான் தொடங்கும். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70. ஆக, அந்த 500 யூனிட்டுக்கு 4,500 ரூபாய். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையிலும் கொஞ்சம் பறிபோகிறது. அதையும் சேர்த்து 4,750 என்று கொள்வோம். வருஷத்துக்கு 28,500. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 60 காசு. வழியில் உள்ள விரைவுச் சார்ஜ் நிலையங்களை நம்பி ஓட்டினால் இதைவிட வெகுவாக அதிகம். இருந்தாலும் பெட்ரோலைக் காட்டிலும் வருஷத்துக்கு 91,500 ரூபாய் மிச்சம் என்பது சிறிய தொகையன்று.

அடுத்தது தேய்மானம். தரகர் சொன்ன மூன்று வயது நெக்ஸானின் விலை எட்டரை லட்சம். ஐந்து வருஷம் ஓட்டி இரண்டு லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் வருஷத்துக்கு 1,30,000. அதே வயதுப் பெட்ரோல் வண்டியை ஏழரை லட்சத்துக்கு வாங்கி மூன்றரைக்கு விற்றால் 80,000. மின்சார வண்டிக்கு 50,000 அதிகம். ஆனால் எரிபொருளில் 91,500 மிச்சமாயிற்றே. ஆகவே 41,500 லாபம். சரி, ஐந்து வருஷம் கழித்து அதை ஒருவருமே வாங்கவில்லை, காயலான் கடையில் தள்ளிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது தேய்மானம் வருஷத்துக்கு 1,70,000. பெட்ரோல் வண்டியைவிட 90,000 அதிகம். மிச்சமோ 91,500. அப்பொழுதும் கணக்கு நேராகி ஆயிரத்தைந்நூறு ரூபாய் மிஞ்சுகிறது! இதைக் கண்டதும் நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முதுகுவலியைக்கூட மறந்துபோனார்.

அவரை உட்கார வைத்து இன்னொரு கணக்கும் போட்டுக் காண்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், மாதம் ஒரு தடவை தாம்பரத்திலுள்ள மாமியார் வீட்டுக்கும் மட்டும் போகிறவர் ஒருவர்; வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். அவருக்குப் பெட்ரோல் செலவு 40,000. மின்சாரச் செலவு சுமார் 9,000. மிச்சம் 31,000. தேய்மானத்தில் அதிகமோ 50,000. வருஷத்துக்கு 19,000 ரூபாய் நஷ்டம். ஆகையால், "பழைய மின்சார வண்டி வாங்கலாமா?" என்று பொதுவில் கேட்பதில் பயனில்லை. "நீர் தினம் எவ்வளவு தூரம் போகிறீர், இரவில் எங்கே நிறுத்துகிறீர்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மாடி வீட்டு வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, கீழே தெருவில் வண்டியை நிறுத்துகிறவர் இந்த வியாபாரத்தில் இறங்காமலிருப்பதே உத்தமம்.

பாட்டரி விஷயத்தில் ஜனங்களுக்குள்ள பயத்துக்குப் பூர்வ கதை உண்டு. 2001-இல் பெங்களூரில் ரேவா என்ற சின்னஞ்சிறு மின்சார வண்டி விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது ஈய பாட்டரி. சில வருஷத்துக்கு ஒரு முறை பாட்டரியை மாற்றியே தீர வேண்டும். அந்த ஞாபகம் இன்னும் போகவில்லை. இப்போது வருவது லிதியம் பாட்டரி. ஜியோடாப் என்ற ஸ்தாபனத்தார் ஆயிரக்கணக்கான வண்டிகளின் விவரங்களை வைத்து 2024-இல் போட்ட கணக்கின்படி, சராசரியாக வருஷத்துக்கு நூற்றுக்கு 1.8 பங்குதான் பாட்டரியின் கொள்ளளவு குறைகிறது. எட்டு வருஷத்தில் பதினைந்து பங்குகூட ஆகாது. ஆனால் சராசரி என்பது குளிர் தேசங்களையும் சேர்த்துச் சொல்வது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிஸோனாப் பாலைவனத்தில் நிஸ்ஸான் லீஃப் வண்டிகளின் பாட்டரி வெப்பத்தில் வெகு சீக்கிரம் வாடியது பெரிய விவகாரமாயிற்று. அவற்றின் பாட்டரிக்குக் குளிர்நீர் ஓட்டம் கிடையாது. செங்கற்பட்டுச் சித்திரை வெயில் அரிஸோனாவுக்குத் தம்பி முறை. ஆகையால் பாட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஓட்டம் உள்ள வண்டிதானா என்று கேட்பது அவசியம். நெக்ஸானுக்கு அது உண்டு.

நண்பருடைய விஷயத்தில் பாட்டரித் தேய்மானம் அவ்வளவு பயங்கரமுமன்று. முப்பது கிலோவாட் மணி கொண்ட வண்டி, கம்பெனி விளம்பரத்தில் 312 கிலோமீட்டர். நம் சாலையில், ஏர் கண்டிஷனுடன், இருநூறு வரும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றால்கூட 160 மிஞ்சும். அவருக்கு வேண்டியதோ அறுபது. தவிர, பாட்டரிக்குக் கம்பெனி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்திருக்கிறது. இது முதலில் பதிவான நாளிலிருந்து எண்ணப்படுவது. மூன்று வயது வண்டியில் மிச்சம் ஐந்து வயது. ஏற்கெனவே 40,000 ஓடியிருந்தால், நண்பர் ஐந்து வருஷத்தில் ஓட்டப்போகும் 90,000-ஐயும் சேர்த்து 1,30,000 ஆகிறது, எல்லைக்குள் அடங்கும். இங்கே ஒரு சூட்சுமம்: சில கம்பெனிகள் "ஆயுள் பூராவும் பாட்டரி வாரண்டி" என்று பறை சாற்றுகின்றனவே, அது பெரும்பாலும் முதல் சொந்தக்காரருடைய ஆயுளைப் பற்றியது! 2024 செப்டம்பரில் வெளிவந்த எம்.ஜி. வின்ட்ஸர் வண்டிக்கு இத்தகைய வாரண்டி கொடுத்தார்கள். கை மாறினால் அந்தச் சலுகை கூடவே வராது. அதே வண்டியைப் பாட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டர் வாடகை கட்டும் ஏற்பாட்டிலும் விற்றார்கள். அப்படி வாங்கிய ஒன்றை இரண்டாங் கையாக வாங்குகிறவர், பாட்டரி யாருக்குச் சொந்தம், எவ்வளவு பாக்கி என்பதைப் பத்திரத்தோடு தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. குதிரையை வாங்கிவிட்டுக் கால்களுக்கு வாடகை கட்டுவது போல ஆகிவிடும்.

வாரண்டி கொடுத்த கம்பெனி நிலைத்திருக்குமா என்ற கேள்வியும் செங்கற்பட்டு ஜில்லாக்காரர்களுக்குப் புதிதன்று. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசி வண்டி வெளிவந்தது. உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பதும் தொடரும் என்று அவர்கள் சொன்னார்கள், தொடரவும் செய்தார்கள். ஆயினும், ஃபோர்டு வண்டி வைத்திருந்த குடும்பங்களின் நெஞ்சு அன்று எப்படித் துடித்தது என்பது நமக்குத் தெரியும்.

சுதேசி விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அயல் நாடுகளிலிருந்து தருவிக்கிறது. மின்சார வண்டி ஓட்டுகிறவர் அந்தக் கப்பத்தைக் கட்டாமல் தப்புகிறார் என்பது உண்மை. ஆனால் பாட்டரியின் உள்ளிருக்கும் செல்கள் பெரும்பாலும் சீன தேசத்துச் சரக்கு என்பதும் உண்மை. கதர்ச் சட்டைக்குள் மில் பனியன் போட்டுக்கொண்டது போலத்தான்! ஆனாலும் செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா ஆராய்ச்சிக் கூடத்தில் நம் வாலிபர்கள் மின்சார வண்டிகளை வகுக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது பெருமையாகவே இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக, 1895-இல், மின்சார டிராம் ஓட்டிய ஊர் சென்னை. அதை 1953-இல் மூடிவிட்டு எண்ணெய்ப் புகைக்கு வழிவிட்டதும் நாமேதான்.

சர்க்கார் வரிகளும் இந்தக் கணக்கில் அடிக்கடி மூக்கை நுழைக்கின்றன. புது மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து நூற்றுக்கு 5. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறிய பெட்ரோல் வண்டிகளின் வரி 28-லிருந்து 18 ஆயிற்று. பெட்ரோல் வண்டி மலிவானதால் மின்சார வண்டிக்கு இருந்த அநுகூலம் அந்த அளவுக்குச் சுருங்கிற்று. பழைய வண்டி விஷயத்தில் பலருக்கு ஒரு வீண் பீதி உண்டு. 2024 டிசம்பரில் ஜைசல்மேரில் கூடிய கவுன்ஸில், பாப்கார்னுக்கு எந்த வரி என்று மண்டையை உடைத்துக்கொண்ட அதே கூட்டந்தான், பழைய மின்சார வண்டிக்கு 18 சதவிகிதம் என்று தீர்மானித்தது. அது வண்டியின் மொத்த விலைக்கு அன்று. வியாபாரி வைக்கும் லாபத்துக்கு மட்டும். ஒரு குடும்பத்தார் இன்னொரு குடும்பத்தாருக்கு நேரே விற்றால் அதுவும் கிடையாது.

இவ்வளவும் முடிந்த பிறகு நண்பர் முதல் வண்டியைப் பார்க்கப் போனார். நாமும் கூடப் போனோம். என்ன கம்பெனி வண்டி என்பது இங்கே அவசியமில்லை. வண்டியின் பேரில் குற்றமும் இல்லை. விலை ஆறே முக்கால் லட்சம் என்றவுடனே நமக்குச் சந்தேகம் தட்டிற்று. நம்பர் பலகை பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து, அது சரிதான். மின்சார டாக்ஸியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து இருக்கும். ஆனால் இருக்கைக்குக் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் ஒரே மட்டமாக ஒரு பழுப்புக் கோடு. எங்கோ தண்ணீர் நின்ற அடையாளம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிச்சாங் புயல் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் வீடுகளும் வண்டிகளும் நீரில் மூழ்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். மின்சார வண்டியின் பாட்டரி கீழ்த்தட்டில், நம் காலடியில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாக்குப் பிடிக்கும்படி அதை மூடி முத்திரையிடுகிறார்கள். ஒரு நாள் முழுதும் வெள்ளத்தில் கிடந்ததற்கு யார் ஜவாப் சொல்வது? இன்ஷூரன்ஸில் ஏதாவது நஷ்ட ஈடு வாங்கியதுண்டா என்று கேட்டோம். தரகர் அன்றைய வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாங்கள் திரும்பினோம்.

கடலோரத்தில் வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மின்சார வண்டியில் வேகத்தைக் குறைப்பது பாதிக்கு மேல் மோட்டாரின் வேலை. பிரேக் தட்டுக்கு வேலை குறைவு. வேலையில்லாத பிரேக் தட்டு உப்புக் காற்றில் சும்மா இருக்குமா? துருவேறிக்கொள்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருந்த வண்டியானால் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். டயரும் பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். பாட்டரியின் கனம் அப்படி.

மறு நாள் நெக்ஸானைப் பார்ப்பதென்று ஏற்பாடு. அன்று இரவு நண்பருடைய மனைவி நம் கணக்குக் காகிதத்தை வாங்கி, சாளேசரத்தை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை படித்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டார்.

"அண்ணா, எல்லாம் சரிதான். ஆனால் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டு லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் பெட்ரோல் காரே கிடையாதே? ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் இது லாபமா?" என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. நண்பர் கூரையைப் பார்த்தார்.

"இவருடைய முதுகுக்காகச் செலவழிக்கிறோம். அது செலவுதான், செலவு என்றே எழுதுங்கள். எவ்வளவு குறைவாகச் செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி" என்று அம்மாள் மேலும் சொன்னார். "தினம் அறுபது கிலோமீட்டர் போவதற்கு இருநூறு கிலோமீட்டர் பாட்டரி எதற்கு? உபயோகிக்காத நூற்று நாற்பதுக்கும் சேர்த்துத்தானே தேய்மானம் போகும்?"

நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் பென்ஸில் பிடித்த நமக்கு இது தோன்றவில்லை. எல்லாக் கணக்கும் சரியாயிருந்தது. ஆரம்பித்த இடந்தான் தவறு.

அதற்கு மேல் தேடியது சிறிய வண்டி. 2022 செப்டம்பரில் 8,49,000 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்த டியாகோ ஈ.வி.; அதில் 24 கிலோவாட் மணி பாட்டரி கொண்ட வகை. பாட்டரி வாரண்டி இதற்கும் அதே எட்டு வருஷம். 2023-இல் பதிவான ஒன்று, ஒரே சொந்தக்காரர், காஞ்சீபுரத்தில் கிடைத்தது. கேட்ட விலை 6,20,000. அம்மாள் ஒரு நிபந்தனை விதித்தார். வண்டியை அவர்களே செங்கற்பட்டுக்குக் கொண்டுவர வேண்டும்; அங்கிருந்து மாமல்லபுரம் சென்று, கடற்கரைக் கோயிலைச் சுற்றி, திரும்ப வேண்டும். எல்லோரும் ஏறினோம். புறப்படும்போது பாட்டரி 97, திரும்பியபோது 66. மத்தியான வெயில், ஏர் கண்டிஷன், உள்ளே நான்கு பேர், திருக்கழுக்குன்றத்தில் வாங்கிய இரண்டு பூசணிக்காய். அறுபது கிலோமீட்டருக்கு முப்பத்தொரு பங்கு. மூன்று நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் செய்தால் போதுமென்று பெண் பின்னாலிருந்து கூவினாள். கம்பெனிப் பட்டறையில் பாட்டரியைச் சோதித்து எழுத்து மூலம் சான்று வாங்கினோம். ஆர்.ஸி.யில் வங்கிக் கடன் ஒன்று இன்னும் ஏறியிருந்தது. அதை விற்பவரே கட்டி, கடன் தீர்ந்த அத்தாட்சியோடு 35-ஆம் பாரம் கொடுத்த பிறகுதான் 29, 30-ஆம் பாரங்களில் கையெழுத்து. விலை 5,85,000-க்குப் படிந்தது.

மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் பாஸ் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது. வீட்டுத் தாழ்வாரத்தில் பதினாறு ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் எர்த்தும் போட ஒரு மின்சாரத் தொழிலாளி வந்து போனார். மின்சார லோடை உயர்த்த மனுப் போட்டிருக்கிறார்கள். அது வரும் வரையில் ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் ஏர் கண்டிஷனை நிறுத்திவிட்டு, வண்டிக்குச் சார்ஜ் போடுகிறார்கள். வண்டிக்குத் தெம்பு வருகிறது, நண்பருக்கு வியர்க்கிறது. முதுகுவலி மட்டும் பெரும்பாலும் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்.